சனிக்கிழமைத் தராசு

அந்தக் குடியிருப்பில் அவளுக்குத் 'தராசு டீச்சர்' என்று பெயர். பள்ளியில் அவள் நடத்தியது கணக்குப் பாடம். பெயர் வந்ததோ குப்பையால். வீட்டில் சேரும் குப்பையைத் தினமும் பையில் கட்டிக் கொக்கித் தராசில் மாட்டிப் பார்ப்பாள். சனிக்கிழமை மொத்தத்தையும் கூட்டி, பிரிட்ஜ் கதவில் ஒட்டிய தாளில் எழுதுவாள். காய்கறித் தோல் மொட்டைமாடி உரத்தொட்டிக்கு, கிழிந்த சட்டை கரித்துணிக்கு, சர்க்கரை வாங்கக்கூட வீட்டிலிருந்தே டப்பா. நல்ல காரியம்தான், யார் இல்லை என்றார்கள்? அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பதைக் கணக்கு டீச்சருக்கு எடுத்துச் சொல்லத்தான் ஆளில்லை.

வாரத்துக்கு நாலு கிலோ இருந்ததை ஒரு கிலோவுக்குக் கொண்டுவந்திருந்தாள். அரைக் கிலோவைத் தொட்டே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அந்தச் சமயத்தில்தான் மாமனார் வந்து சேர்ந்தார். பஸ் டிப்போவில் முப்பது வருஷம் மெக்கானிக்காக இருந்த மனிதர். பக்கவாதம் அடித்து ஒரு பக்கம் விளங்காமல் போயிற்று. நாளுக்கு ஐந்து டயபர். அந்தச் சனிக்கிழமைக் கணக்கு ஒன்பது கிலோவில் போய் நின்றது.

துணி கட்டிப் பார்த்தாள். அவருக்குப் புண் வந்ததும் பதறிப்போய் டயபருக்கே திரும்பினாள். வேளை தவறாமல் மாற்றினாள், ஒருநாளும் முகம் சுளிக்கவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் ஒருநாள் சமையலறையில் நின்று தங்கையிடம் போனில் புலம்பினாள்.

"என்ன பண்ணச் சொல்ற? எங்க வீட்டுக் குப்பையில முக்கால்வாசி மாமாவோடதுதான். ஒரு வருஷமா நான் பட்ட பாடெல்லாம் வீணாப் போச்சு."

சுவருக்கும் காது உண்டு என்பார்கள். இங்கே சுவருக்கு அந்தப் பக்கம் அவருடைய கட்டிலே கிடந்தது.

அடுத்த வாரக் கணக்கு ஆறரை கிலோ. அதற்கடுத்த வாரம் நாலு.

"உடம்பு தேறிட்டு வருது போல மாமா. இன்னிக்கு ரெண்டே டயபர்தான்."

"எல்லாம் உன் கவனிப்பும்மா" என்றார் அவர். உதடு வெடித்திருந்தது. அவள் வாஸ்லின் தடவிவிட்டாள்.

கட்டிலருகே வைக்கிற தண்ணீர் டம்ளர் ஒவ்வொரு தடவையும் காலியாகத்தான் திரும்பியது. கட்டிலை ஒட்டிய ஜன்னலோரத் தொட்டிச் செடி மட்டும் மஞ்சளாகி, வேர் அழுகிப் போயிருந்தது.

"இதுக்கு எவ்ளோ தண்ணிதான் ஊத்துவீங்க?" என்று கணவனைக் கடிந்துகொண்டாள்.

"நான் அந்தப் பக்கமே போகல" என்றான் அவன். அவள் நம்பவில்லை. அழுகிய செடியை உரத்தொட்டியில் போட்டுவிட்டுப் பள்ளிக்குக் கிளம்பினாள்.

வியாழக்கிழமை காலை மாமனாருக்குப் பேச்சு குழறியது. மகனை அடையாளம் தெரியாமல் பழைய டிப்போ மேஸ்திரியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

"யூரின் போறது எப்பலேர்ந்து குறைஞ்சது?" என்று டாக்டர் கேட்டார். மகன் திருதிருவென்று விழித்தான். அவள் விழிப்பாளா? எல்லாம் விரல் நுனியில் இருந்தது.

"முதல் வாரம் ஒன்பது கிலோ சார். அப்புறம் ஆறரை, அப்புறம் நாலு, போன வாரம் ரெண்டு..."



"தண்ணி குடிக்கிறாரா?"

"டம்ளர் காலியாத்தான் சார் இருக்கும்" என்றாள். சொல்லும்போதே அந்தச் செடி நினைவுக்கு வந்தது.

இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன என்றார்கள். அவள் கட்டிலருகே குனிந்து, "ஏன் மாமா இப்படிப் பண்ணீங்க?" என்று கேட்டாள்.

அவர் மெல்லக் கண் திறந்தார். "இந்த வாரம் அரைக் கிலோ வந்துடுமாம்மா?"

சனிக்கிழமை மத்தியானம் அவர் போய்ச் சேர்ந்தார். அவள் வீட்டுக்கு வந்தபோது வியாழக்கிழமை கட்டிய பை கதவோரத்தில் அப்படியே இருந்தது. கையில் தூக்கிப் பார்த்தாள். அந்த வாரத்து மற்ற நாள் கணக்கோடு சேர்த்தாலும் அரைக் கிலோகூட வராது.