பிள்ளைகள் அறை

பேட்டரி ஆலையைச் சுற்றி எழுந்த அந்தக் குடியிருப்பில், குடியிருப்போர் சங்கத்துக்குத் தலைவியான முதல் பெண்ணை எல்லோரும் மைக் அக்கா என்றே கூப்பிட்டார்கள். அவள் பேசினால் மைக் தேவைப்படாது. ஆண்கள் மட்டுமே பேசிக்கொண்டிருந்த ஒரு கூட்டத்தில் பின்வரிசையிலிருந்து எழுந்து, "தண்ணி எத்தனை மணிக்கு வருதுன்னு உங்கள்ல யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டவள். ஒருவருக்கும் தெரியவில்லை. அடுத்த தேர்தலில் அவளே தலைவி.

அவள் சாதித்ததில் பெரியது பிள்ளைகள் அறை. ஆலையில் வேலை பார்த்த பெண்கள் கைக்குழந்தைகளை வீட்டில் பூட்டிவிட்டு வந்த காலம் அது. ஒன்பது மாதம் மேலாளரிடம் நடையாய் நடந்து, ஆலைக்குள்ளேயே ஓர் அறையை வாங்கினாள். தாய்மார் ஐந்து நிமிடத்தில் வந்து பால் கொடுத்துவிட்டுப் போகலாம். ஈயம் உருக்கும் கொட்டகைக்கு இரண்டு சுவர் தள்ளி இருந்தது அந்த அறை. காலையில் வாசலில் நின்று பிள்ளைகளை வாங்கி உள்ளே விடுவதும் அவள்தான்.

மூன்றாம் மாதம், அறையைக் கூட்டுகிற பெண் அவளைத் தனியாக அழைத்தாள். சன்னல் விளிம்பில் விரலை இழுத்துக் காட்டினாள். விரல் நுனியில் சாம்பல் நிறத் தூசி மினுங்கியது.

"தினம் துடைக்கிறேன்க்கா. மறுநாள் திரும்ப இருக்கு. பிள்ளைங்க கையை வாயில வைக்குதுங்க."

அது ஈயத்தூசி என்று மைக் அக்காவுக்குப் புரிந்தது. ஆனால் அறையைப் பூட்ட மேலாளருக்கு ஒரு சாக்குதான் வேண்டும்.

"ரெண்டு வேளையா துடைச்சிடு. வெளிய சொல்லாத. ரூம் போச்சுன்னா திரும்பக் கிடைக்காது."

கூட்டுகிறவள் தலையாட்டினாள். அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

இரண்டு வருடம் கழித்து, மருத்துவர் ஒருவர் வந்து பிள்ளைகளின் ரத்தத்தைச் சோதித்தார். இருபத்தாறு பேரில் பத்தொன்பது பேருக்கு ஈயம் ஏறியிருந்தது. எல்லோரையும்விட அதிகம், மைக் அக்காவின் வாயாடிச் சிநேகிதியுடைய நான்கு வயது மகளுக்கு. அந்தப் பிள்ளைக்கு இன்னும் பேச்சு வரவில்லை. வாயாடிக்கு ஊமைக்கோட்டான் பிறந்திருக்கிறது என்று ஊரே கேலி பேசியபோது, மைக் அக்காவும் கூடச் சிரித்திருக்கிறாள்.

குடியிருப்பு கொதித்தது. பிள்ளைகளைச் சங்கக் கட்டிடத்துக்கு மாற்றினார்கள். ஆலை வாசலில் பதினோரு நாள் உட்கார்ந்து, வைத்தியச் செலவை ஆலையே ஏற்கும் என்று ஒப்புக்கொள்ள வைத்தார்கள். எல்லாவற்றிலும் அவளே முன்னால் நின்றாள். அவள் பேசி முடிக்கும்போதெல்லாம் கைதட்டல். ஒவ்வொன்றும் கன்னத்தில் விழுவது போலிருந்தது. கூட்டுகிறவள் மட்டும் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"தப்பு செஞ்சவ மாதிரி அவ குனிஞ்சுக்கறா," என்றாள் மைக் அக்கா, வீட்டில் கணவனிடம். "என்னால பார்க்க முடியல."

"சொன்னா உன்னைக் கிழிச்சிடுவாங்க," என்றான் அவன்.

"கிழிக்கட்டும்."

வெற்றிக் கூட்டத்தில் எழுந்து நின்றாள். குரல் முதல் வரிசையைத் தாண்டவில்லை.

"தூசி விழுறது எனக்கு ரெண்டு வருசமா தெரியும். இந்தப் பொண்ணு அப்பவே சொன்னா. நான்தான் அவ வாயை அடைச்சேன்."

"கம்பெனி செஞ்சதை நீங்க ஏன்க்கா தலையில போட்டுக்கறீங்க?" என்றார் வெல்டர் ஒருவர்.

"கம்பெனி செஞ்சதைக் கம்பெனி சுமக்கட்டும். நான் செஞ்சதைச் சொல்றேன்."

சிநேகிதி எழுந்தாள். "தெரிஞ்சேதான் தினம் காலையில என் பிள்ளையைக் கையில வாங்கினியா?"

"ஆமா."

சிநேகிதி மகளைத் தூக்கிக்கொண்டு வெளியேறினாள். மைக் அக்கா பதவியை விட்டாள். யாரும் தடுக்கவில்லை.

நான்காம் நாள் சிநேகிதி வந்தாள். வாசற்படி ஏறவில்லை.

"வாராவாரம் இவளைப் பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிட்டுப் போகணும். எனக்கு லீவு தரமாட்டாங்க. நீ கூட்டிட்டுப் போ."

மைக் அக்கா வாயைத் திறப்பதற்குள் சொன்னாள்: "மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காத. உனக்குத்தான் இப்ப வேலை இல்லையே."

அன்றிலிருந்து செவ்வாய்தோறும் போனார்கள். ஆறாவது வாரம், பேருந்துக்குள் அந்தப் பிள்ளை அவள் முந்தானையை இழுத்து, "தண்ணி" என்றது. அவள் புட்டியைத் திறந்து குடிக்கக் கொடுத்தாள்.

வீட்டில் விடும்போது விஷயத்தைச் சொன்னாள். சிநேகிதி மகளை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"அடுத்த செவ்வாய் ஏழரைக்கே வந்துடு. போன தடவை லேட்டு," என்று கதவைச் சாத்தினாள்.