சிவப்புக் கதவில் ஒரு சாண் கோடு

துறைமுகத்தில் முப்பத்தைந்து வருடம் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர் அபூதாஹிர். அவர் சொல்லும் கதைகளில் கிரேன் ஒருமுறை கப்பலையே தூக்கி, அடியில் ஒட்டியிருந்த சிப்பியைச் சுரண்டிவிட்டு இறக்கி வைத்திருக்கிறது. அப்படிப்பட்டவருக்கு வாசலில் நின்ற சொந்தக் காரைப் பற்றிச் சொல்ல ஒரு பொய்யும் வரவில்லை. ஒரு காலத்தில் மாதுளம்பழம்போல் இருந்த சிவப்பு, கடற்காற்றில் வெளுத்துக் கருவாட்டு நிறத்துக்கு வந்திருந்தது.

சனிக்கிழமை கிண்ணியாவில் ஷிஃபானாவுக்குக் கலியாணம். அவள் பஸ்மியாவின் தங்கை மகள். இந்தக் கோலத்தில் இந்தக் காரில் போய் இறங்கமாட்டேன், ஓட்டோவில் போகிறேன் என்று பஸ்மியா புதன்கிழமையே சொல்லிவிட்டாள். மனைவி முன்னால் ஓட்டோவில், தான் பின்னால் வெறுங்காரில். அதை நினைக்கவே அபூதாஹிருக்குச் சோறு இறங்கவில்லை. அன்று மூன்று கோப்பைச் சோறுதான் சாப்பிட்டார்.

பெயின்ட் தேய்க்கும் கொம்பவுண்ட் டப்பாவும் பழைய சாரத்துண்டுமாக இறங்கினார். தேய்க்கத் தேய்க்கச் செத்த பெயின்ட் துணியில் ஏறித் துணி சிவந்தது. கார்க் கதவின் வெளுப்புக்கு அடியிலிருந்து மாதுளம்பழம் எட்டிப் பார்த்தது. அந்திக்குக் கிணற்றில் நாலு வாளி அள்ளி ஊற்றிவிட்டு மஃரிபு தொழுகைக்குப் போனார்.

வியாழன் காலையில் பார்த்தால் கதவு முழுக்க வெள்ளையாய்ப் பூத்துப்போய்க் கிடந்தது. அந்தப் பூப்பின் குறுக்கே கோடுகள், ஒரு சாண் நீளம், மூன்று விரல் அகலம். பக்கத்து வீட்டு முத்துலிங்கத்தைக் கூட்டிவந்து, அவர் கையைக் கோட்டோடு வைத்து அளந்தார்.

"என்ர கையெண்டா உம்மட கழுத்திலயெல்லோ கோடு விழுந்திருக்கும்," என்றார் முத்துலிங்கம்.

பகல் முழுக்க மறுபடி தேய்ப்பு, அந்திக்கு மறுபடி நாலு வாளி. வெள்ளிக்கிழமை சுபஹ் தொழுதுவிட்டு, கோடு போட்டவனைப் பிடிக்கும் எண்ணத்தில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்பக்கத்தால் வந்தார். பழைய கோட்டைப் பக்கத்திலிருந்து ஊருக்குள் உலாத்தும் புள்ளிமான்களில் ஒன்று, கண்ணை மூடிக்கொண்டு கதவை நக்கிக்கொண்டிருந்தது. அவரைக் கண்டதும் பதறவில்லை. நக்கினது போதும் என்பதுபோல் மெல்ல நடந்து போனது.

அபூதாஹிருக்குக் கோபம் வரவில்லை. அப்படி என்ன ருசி என்ற யோசனைதான் வந்தது. இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். குனிந்து பொனட்டை ஒரு நக்கு நக்கினார்.

குசினி வாசலில் தேத்தண்ணிக் கோப்பையோடு பஸ்மியா நின்றாள்.

"நான் அவிச்ச இடியப்பம் காணாதா உங்களுக்கு?"

"உப்புக் கரிக்குது புள்ள," என்றார் அவர், நாக்கை உள்ளே இழுக்க மறந்து.

பஸ்மியா வந்து கதவில் விரலை வைத்து நாக்கு நுனியில் தொட்டுப் பார்த்தாள். "சவர்த் தண்ணி. கலியாணம் முடிச்சு வந்த நாளிலயிருந்து அந்தக் கிணத்துத் தண்ணியில நான் ஒரு தேத்தண்ணி வெச்சிருப்பனா? நீங்க காரைக் குளிப்பாட்டியிருக்கிறீங்க. துடைக்கவுமில்ல."

சொல்லிவிட்டுப் பைப் தண்ணீர் பிடித்து வைத்திருந்த பெரிய வாளியை அவளே காட்டினாள். அபூதாஹிர் கழுவினார், ஈரம் போகத் துடைத்தார், தேய்த்தார், மெழுகு பூசினார். சனிக்கிழமை விடிய மான் வந்து மோந்தது. உப்பில்லை. கதவில் தெரிந்த தன் முகத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டுப் போனது. கொம்பைச் சரிசெய்துகொண்டது என்று அபூதாஹிர் பின்னால் சேர்த்துக்கொண்டது வேறு விஷயம்.

முக்காட்டை அதே கதவில் பார்த்துச் சரிசெய்தாள் பஸ்மியா. ஓட்டோ பற்றி ஒரு பேச்சும் இல்லை. முன் சீற்றில் ஏறி உட்கார்ந்து, ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "கலியாண வீட்டில நீங்க வாய் திறக்கப்படாது. இந்தக் கதைய நான்தான் சொல்லுவன்."

சொன்னாள். அவள் கதையில் மான்கள் நாற்பது. மனிதர் பொனட்டிலிருந்து டிக்கி வரை நக்கி முடித்திருந்தார்.

"ஒரே ஒரு நக்குத்தான்," என்றார் அபூதாஹிர்.

அவர் ஆயுளில் சொன்ன சுத்தமான உண்மை அது. பந்தலில் ஒருவரும் நம்பவில்லை.