ட்ரெவர் பெயருக்கு வந்த கடிதம்

இங்கிலாந்தின் மீன்பிடித் துறைமுகமான கிரிம்ஸ்பியில், யார் வீட்டுக்கு எத்தனை தபால் வந்தது என்று எண்ணிப் பார்க்க எங்கள் தெருவில் ஆளுக்குப் பஞ்சமில்லை. அதனால் அந்தச் செவ்வாய்க்கிழமை லொரெய்ன் வீட்டுக்கு நகராட்சியிலிருந்து ஒன்றல்ல, இரண்டு உறைகள் வந்த சேதி, அவள் பிரிப்பதற்கு முன்பே பாதித் தெருவுக்குத் தெரிந்துவிட்டது.

ஒன்று லொரெய்னுக்கு. மகள் பெத்தனி இந்த வருடம் பாதி நாள் பள்ளிக்கூடம் போகவில்லை, ஆகவே அபராதம். அது அவள் எதிர்பார்த்ததுதான். பன்னிரண்டு வயதுப் பெண் காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குளியலறைக்குள் தாழிட்டுக்கொண்டால் தாய் என்ன, கதவையா உடைப்பாள்?

மற்றது ட்ரெவருக்கு, அதே அபராதம். மீன் வண்டி ஓட்டுகிறவன், நான்கு வருடமாக அந்த வீட்டில் இருக்கிறவன். பெத்தனியைப் பெற்றவன் வேறு; அவன் இருக்குமிடம் எங்கள் தெருவுக்கே தெரியாது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் கூட இருந்து பிள்ளையைக் கவனித்துக்கொள்கிறவரும் சட்டத்தின் கண்ணில் பெற்றோர்தானாம். பள்ளிக்கூடம் அவன் பெயரைக் கொடுத்திருந்தது. கொடுக்காமல் என்ன செய்யும்? பெத்தனி போன சொற்ப நாட்களும் அவன் வண்டியில் போனவைதான்.

லொரெய்னுக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். கல்யாணப் பேச்சை எடுத்தாலே தேநீர் போட எழுந்து போகிறவனை அரசாங்கமே எழுத்தில் அப்பாவாக்கிவிட்டதே. அன்று மாலை அவனுக்குப் பிடித்த சாசேஜும் மசித்த உருளைக்கிழங்கும் செய்தாள்.

அவன் கடிதத்தை இரண்டு தடவை படித்தான். தட்டைத் தொடவில்லை.

"காசை நானே கட்டிடறேன் லொரெய்ன். உன்னோடதையும் சேர்த்து. பேருதான் வேணாம்."

"பேரு உன்னை என்ன பண்ணுச்சு?"

"டான்காஸ்டர்ல எனக்கு ரெண்டு பசங்க இருக்காங்க. அவங்களுக்கே நான் அப்பாவா..." என்று ஆரம்பித்து விட்டுவிட்டான்.

அவன் சும்மா வந்து போகிறவன், பிள்ளை விஷயத்தில் பட்டுக்கொள்வதில்லை என்று பிள்ளையின் தாய் எழுதிக் கொடுத்தால் பெயரை எடுத்துவிடுவார்களாம். இதே மாதிரிக் கடிதம் வந்த ஒருவன் வேலையிடத்தில் எப்போதோ அவனிடம் சொல்லியிருக்கிறான். எழுதினால் இன்றைக்கே மூட்டை கட்ட வேண்டியிருக்கும் என்றாள் லொரெய்ன். கட்டுகிறேன், கொஞ்ச நாளைக்கு அண்ணன் வீட்டில் இருக்கிறேன் என்றான். கொஞ்ச நாளைக்கென்று போன ஆண்பிள்ளை திரும்பி வந்ததாக எங்கள் தெருவில் சரித்திரமே கிடையாது. எழுத மாட்டேன் என்றாள்.

மாடிப்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த பெத்தனி இறங்கி வந்து நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தாள்.

"அம்மா எழுத மாட்டாங்க ட்ரெவ். நான் எழுதறேன். அவங்க கையெழுத்து மட்டும் போடட்டும்."

எழுத எழுத வாசித்தாள். ட்ரெவர் என் மகளைக் காலையில் எழுப்புவதில்லை. அவள் வாந்தியெடுத்தால் தலையைப் பிடித்துக்கொள்வதில்லை. குளியலறைக் கதவுக்கு வெளியே உட்கார்ந்து மீன்களைப் பற்றிக் கதை சொல்லிச் சிரிக்க வைப்பதில்லை. பள்ளி வாசலில் அவள் உள்ளே போகிறவரை வண்டியை நிறுத்திக் காத்திருப்பதில்லை. பெற்றோர் கூட்டத்துக்கு ஒருமுறைகூட வந்ததில்லை.

எழுத்து அச்சடித்த மாதிரி இருந்தது. இந்தப் பெண்ணைத்தான் படிப்பில் பின்தங்கியவள் என்று பள்ளிக்கூடத்தில் எழுதியிருந்தார்கள்.

ட்ரெவர் குறுக்கிட்டான். "கூட்டத்துக்கு வந்தேனே கண்ணு. நவம்பர்ல."

"அப்ப அந்த வரியை அடிச்சிடவா?"

அவன் தாளைத் தன் பக்கம் திருப்பி முதல் வரியிலிருந்து படித்தான்.

"வேணாம்," என்றான். "இருக்கட்டும்."

லொரெய்ன் மகளிடமிருந்து பேனாவை வாங்கினாள். ஒரே இழுப்பில் கையெழுத்துப் போட்டுவிட்டு அவன் துணிகளை எடுத்துவர மாடிக்குப் போனாள்.