அக்காவுக்கு அவர்தான் சொல்ல வேண்டும்

தம்பி சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து எண்ணைத் தேட ஆரம்பித்தபோதுதான் பல்லுக்காரர் அன்று காலை முதல்முறையாக வாயைத் திறந்தார்.

"அக்காவுக்கு நீ போடாதே. நான் சொல்றேன்."

தம்பி நிமிர்ந்து பார்த்தான். ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடி, ஜன்னலோரக் கட்டில். பல்லுக்காரரின் மனைவிக்கு உயிர் போய் இன்னும் ஒரு மணி நேரம் ஆகவில்லை. நர்ஸ் வந்து மூக்கிலிருந்த குழாயை எடுத்தாள், கையிலிருந்த ஊசியை உருவினாள், அந்த இடத்தில் பஞ்சு வைத்துப் பிளாஸ்திரி ஒட்டினாள். இனி ரத்தம் வரப்போவதில்லை என்று தெரிந்தும் ஒட்டினாள். அவருக்கு அது பிடித்திருந்தது. வேலையை வேலையாகச் செய்கிறவர்களை அவருக்கு எப்போதுமே பிடிக்கும்.

"நீயா? அண்ணே, அண்ணியோட அக்காவுக்குப் பிரஷர் இருக்கு. தனியா வேற இருக்காங்க. நீ பாட்டுக்குப் போனைப் போட்டுட்டு ஒண்ணும் பேசாம வச்சிட்டா அவங்க என்னன்னு நெனப்பாங்க?"

அவன் கேட்டதில் தப்பே இல்லை. பொய்ப்பல் செட் செய்வது அவர் தொழில், அதனால் தெருவில் அவர் பல்லுக்காரர். சொந்தக்காரர்கள் மத்தியில் இன்னொரு பெயரும் உண்டு: மிஸ்டு கால். மறுமுனையில் மணி அடிக்கும் வரைக்கும் தைரியமாகத்தான் இருப்பார். யாராவது ஹலோ என்றால் போதும், நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும், உள்ளங்கை நனையும், வயிறு புரளும், விரல் தானாகப் போய்ச் சிவப்புப் பொத்தானை அமுக்கிவிடும். அரிசி அளவுப் பல்லை இம்மி பிசகாமல் தேய்த்து உட்கார வைக்கிற அதே விரல்தான். சொந்தமாகப் பட்டறை வை என்று மூன்று பல் டாக்டர்கள் சொல்லியும், பட்டறை வைத்தால் போன் வருமே என்பதற்காகவே இருபது வருஷம் அடுத்தவனிடம் சம்பளத்துக்கு உட்கார்ந்திருந்த மனிதர்.

அவர் மனைவிக்கோ போன்தான் பிழைப்பு. தண்ணீர் அலுவலகத்தில் புகார் வாங்கும் மேசை. குழாய் உடைந்தாலும், தண்ணீர் கலங்கி வந்தாலும், வராமலே போனாலும் முதல் திட்டு அவள் காதில்தான் விழும். "இன்னைக்கு ஒருத்தர் என் ஏழு தலைமுறையையும் வரிசையா திட்டினாருங்க. முடியட்டும்னு இருந்து, புகார் நம்பரைக் குடுத்தேன்" என்று சிரித்தபடியே செருப்பைக் கழற்றுவாள். அப்படிப்பட்டவளுக்கு இப்படி ஒரு புருஷன்.

போன வாரம் ஒரு சாயங்காலம், கொஞ்சம் தெம்பாக இருந்தபோது, அவள்தான் பேச்சை எடுத்தாள்.

"எனக்கு ஏதாவது ஆச்சுன்னா அக்காகிட்ட நீங்கதான் சொல்லணும். உங்க தம்பி நல்லவருதான். ஆனா பஸ் ஸ்டாண்டு மைக் மாதிரி போட்டு உடைச்சிடுவாரு."

"என்னால முடியாதும்மா."

"முடியுமான்னு நான் கேக்கலையே. சொல்லணும்னுதானே சொன்னேன்."

தாய் போன பிறகு அவளைப் பத்து வயதிலிருந்து வளர்த்து ஆளாக்கியவர் அந்த அக்கா. ஒரு மாதம் கூடவே இருந்து கவனித்துவிட்டு, தங்கை கொஞ்சம் தேறினாள் என்று நம்பி, போன ஞாயிற்றுக்கிழமைதான் ஊருக்குத் திரும்பியிருந்தார். ஐந்து மணி நேரப் பயணம்.

"நீ அக்கா ஊர்லயே ஒரு வண்டிக்கு ஏற்பாடு பண்ணு," என்றார் தம்பியிடம். "அவங்க வாசல்ல வண்டி வந்து நிக்க எவ்வளவு நேரம் ஆகும்னு கேட்டுச் சொல்லு. மத்தது நான் பார்த்துக்கறேன்."

தம்பி இரண்டு நிமிஷத்தில் வண்டி பேசி முடித்தான். நாற்பது நிமிஷம் ஆகுமாம்.

பல்லுக்காரர் தாழ்வாரத்தில் போய் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்தார். பையிலிருந்து ஆர்டர் சீட்டு ஒன்றை எடுத்துத் திருப்பினார். முன்பக்கம் மேல்வரிசைப் பல், கீழ்வரிசைப் பல் என்று படம் அச்சடித்த சீட்டு. பின்பக்கம் வெறுமை. நாலு வருஷமாக அந்தப் பின்பக்கத்தில்தான் அவர் பேசக் கற்றுக்கொண்டிருந்தார்.

அது அவள் கண்டுபிடித்த வழி. டாக்டர் ஒருவர் மாத்திரை கொடுத்தார், படபடப்பு பாதி அதில் அடங்கியது. மீதிப் பாதியை அவள் எடுத்துக்கொண்டாள். "பேச வேண்டியதை எழுதி வச்சுக்கிட்டுப் படிங்க, யாரு பாக்கப் போறாங்க?" என்றாள். முதல் சீட்டு கேஸ் சிலிண்டருக்கு. வணக்கத்தில் தொடங்கி வைக்கிறேன் வரைக்கும் பன்னிரண்டு வரி எழுதினார். ஒவ்வொரு வரிக்குக் கீழேயும் அவள் தன் கையால் 'மூச்சு விடு' என்று எழுதினாள். மூன்றாவது வரியிலேயே கேஸ் கடைக்காரர் சீட்டில் இல்லாத ஒன்றைச் சொன்னார்: ரெண்டு நாள் ஆகும் என்று. இவர் டக்கென்று வைத்துவிட்டார். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அவங்க பேசறதையும் நீங்களே எழுதிட முடியுமா? உங்க வரியை மட்டும் பாருங்க. மறுபடியும் போடுங்க."

மறுபடியும் போட்டார். பன்னிரண்டு வரி அடுத்த வருஷம் எட்டானது. பிறகு ஐந்து. நடுவில் ஒருநாள் மருந்துக்கடையில் எவனோ எரிந்து விழ, மூன்று மாதம் போனைத் தொடவே இல்லை. திரும்பத் தொட்டபோது பழையபடி பன்னிரண்டு வரி. வெட்கமாக இருந்தது. "அதனாலென்ன," என்றாள் அவள், வெங்காயம் உரித்தபடி. "ஒருதடவை இறங்கி வந்தவருதானே, வழி தெரியும்." போன வருஷம் வீட்டு முன்னறையிலேயே பட்டறை போட்டார். பெயர்ப் பலகையில் போன் நம்பரைக் கொட்டை எழுத்தில் எழுதச் சொன்னவளும் அவள்தான். இப்போதெல்லாம் மூன்று வரி போதும். மணி அடித்தால் வயிறு இன்றைக்கும் புரளத்தான் செய்யும். புரளட்டும் என்று விட்டுவிட்டு எடுத்துப் பேசக் கற்றுக்கொண்டிருந்தார்.

ஆனால் இது சிலிண்டர் இல்லை. பேனா நகரவில்லை. முதலில் 'ஆழ்ந்த வருத்தத்துடன்' என்று எழுதி, சுவரொட்டி மாதிரி இருக்கிறதே என்று அடித்தார். பிறகு 'மனதைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள்' என்று எழுதி அதையும் அடித்தார். அவளிடமே கேட்டிருந்தால் ஒரு நொடியில் சொல்லியிருப்பாள். அவருக்கு அழ வேண்டும் போல இருந்தது. அப்புறம் அழலாம் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதினார். எழுதி முடித்தபோது நாலு வரி இருந்தது. ஒவ்வொன்றுக்கும் நடுவே, இந்த முறை தன் கையாலேயே, மூச்சு விடு.

எண்ணை அழுத்தினார். மணி மூன்று முறை அடித்தது.

"ஹலோ, மாப்ளையா?"

விரல் போய் அமுக்கிவிட்டது.

தாழ்வாரத்தின் கோடியில் நின்ற தம்பி தலையில் அடித்துக்கொள்வது தெரிந்தது. அவன் கிளம்பி இங்கே வருவதற்குள் போன் கையில் அதிர்ந்தது. அக்காதான். பல்லுக்காரருக்குப் பயமாக இருந்தது. பயத்தோடேயே எடுத்தார்.

"கட் ஆயிடுச்சு போல," என்றார் அக்கா, எப்போதும் சொல்வது போலவே. "ராத்திரி பூரா எனக்குத் தூக்கமே இல்ல மாப்ள. அவ ஏதாவது சாப்பிட்டாளா?"

அது சீட்டில் இல்லை. அவர் தன் வரியைப் பார்த்தார்.

"அக்கா, நான்தான் பேசறேன். நீங்க உக்காந்திருக்கீங்களா?"

அந்தப் பக்கம் நாற்காலி தரையில் இழுபடும் சத்தம்.

"உக்காந்துட்டேன். சொல்லுங்க."

"அவ காலைல போயிட்டாக்கா. தூக்கத்துலயே. வலி இல்ல. நான் கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்."

மறுமுனையில் அழுகை இல்லை, வார்த்தை இல்லை, எதுவுமே இல்லை. போன் இருக்கிறதா போய்விட்டதா என்றுகூடத் தெரியவில்லை. கண் அடுத்த வரிக்குத் தாவியது, கண் தாவிய இடத்தை வாய் படித்துவிட்டது.

"மூச்சு விடு."

தன் காதில் விழுந்த பிறகுதான் உறைத்தது. தூக்கிவாரிப் போட்டது அவருக்கு. தாய் ஸ்தானத்தில் இருப்பவரைப் பார்த்து, இந்த நேரத்தில், விடு என்று. தனக்கு எழுதியதைப் படித்துத் தொலைத்தோமே என்று குறுகிப்போனார். விரல் சிவப்புப் பொத்தானின் மேல் வந்து நின்றது.

அப்போது அந்தப் பக்கம் ஒரு மூச்சு கேட்டது. நீளமாக, நடுவில் இரண்டு இடத்தில் உடைந்து, வெளியே வந்த மூச்சு. அதற்குப் பின்னால் இன்னொன்று.

"விட்டேன் மாப்ள," என்றார் அக்கா. பிறகுதான் அழத் தொடங்கினார்.

பல்லுக்காரர் விரலை எடுத்தார். அவர் கண்ணிலும் வழிந்தது, துடைக்கவில்லை. அக்கா வெகுநேரம் அழுதார். நடுவில் என்ன சொல்ல வேண்டும் என்று அவர் சீட்டைப் பார்க்கவும் இல்லை.

"வண்டி சொல்லியிருக்குக்கா. இன்னும் அரை மணி நேரத்துல உங்க வாசலுக்கு வந்துடும். பிரஷர் மாத்திரையைப் போட்டுக்குங்க. ரெண்டு புடவை எடுத்து வச்சுக்குங்க, போதும்."

"சரி. அதுவரைக்கும் வச்சிடாதீங்க மாப்ள. எனக்குத் தனியா பயமா இருக்கு. பேசணும்னு இல்ல. சும்மா இருங்க."

"வைக்கலக்கா."

மறுமுனையில் போனை மேசைமேல் வைக்கும் சத்தம் கேட்டது. குழாயில் தண்ணீர் விழுந்தது, நின்றது. பீரோக் கதவு கிறீச்சிட்டது. மாத்திரை அட்டை சரசரத்தது. இடையில் விம்மல், மூக்கை உறிஞ்சுவது, ஜன்னலைச் சாத்துவது. அவ்வப்போது தூரத்திலிருந்து ஒரு குரல்.

"இருக்கீங்களா?"

"இருக்கேன்கா."

தம்பி கையெழுத்துக்காகக் காகிதங்களோடு வந்து நின்று, அண்ணே என்று மெதுவாகக் கூப்பிட்டான். முடிந்ததா என்று கையால் கேட்டான். பல்லுக்காரர் இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு, பக்கத்து நாற்காலியைக் காட்டினார். தம்பி உட்கார்ந்தான். தாழ்வாரத்தில் யாரோ வாளியை இழுத்துக்கொண்டு போனார்கள். இருபது நிமிஷம் ஆகியிருந்தது. போன் சுட்டது, காது வலித்தது.

அவர் போனை இந்தக் காதிலிருந்து எடுத்து மறு காதில் வைத்துக்கொண்டார்.