ஆடி கழியட்டும்

ரேணுகாவுக்கு வேலை போன செய்தி, அவள் வீடு வந்து சேர்வதற்குள் கழனிவாசல் முழுக்கப் பரவிவிட்டது. காரைக்குடியில் அப்படித்தான். பஸ்ஸை விட்டு இறங்கியதும் இரண்டு பேர் துக்கம் விசாரித்தார்கள். மூன்றாவது ஆள், இனிமேல் வீட்டில்தானா என்று கேட்டார். அவர் குரலில் துக்கத்தைவிட ஆர்வம் கூடுதலாக இருந்தது.

பத்தொன்பது வருஷம் ஒரே ஆடிட்டர் ஆபீஸ். பி.காம் முடித்த கையோடு போய் உட்கார்ந்தவள். ஆடிட்டருக்கு வயதாகிவிட, அவர் மகன் தொழிலை மதுரையில் ஒரு பெரிய கம்பெனியோடு சேர்த்துவிட்டான். மதுரைக்காரர்களுக்குப் பெரிய ஃபைல்கள் போதும். சின்னக் கடைக்காரர்களுக்கெல்லாம், உள்ளூரிலேயே தோதான ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒரு கடிதம் போயிற்று. ரேணுகாவுக்கும் ஒரு கடிதம், மூன்று மாதச் சம்பளம், போதாக்குறைக்கு ஒரு சுவர்க்கடிகாரம். வேலையைப் பிடுங்கிக்கொண்டு மணி பார்க்கக் கடிகாரம் கொடுக்கிற புத்தி யாருக்கு வந்ததோ தெரியவில்லை.

அவள் கணவன் முத்தரசு டூவீலர் மெக்கானிக். எதற்கும் பதறாத மனிதன். அன்று சாயங்காலம் அந்தக் கடிகாரத்துக்கு ஆணி அடித்துக்கொண்டே சொன்னான்: "விடு. நீயா ஒரு ஆபீஸ் போட்டா என்ன? கடைக்காரவுக பூராம் ஒன்னயத்தான தேடுவாக."

யோசனை ஒன்றும் புதிதில்லை. அவளுக்கே அது இரண்டு வருஷமாக மனசுக்குள் ஊறிக் கிடந்தது. ஜிஎஸ்டி கணக்கு தாக்கல் செய்வதற்கான பரீட்சை எழுதித் தேறி, பதிவும் வாங்கி வைத்திருந்தாள். ஆடிட்டர் கையெழுத்து வேண்டியிராத சின்னக் கடைக் கணக்கென்றால் கண்ணை மூடிக்கொண்டு போடுவாள். வேலை தெரியும், ஆளைத் தெரியும், ஊர் தெரியும். பிறகு என்ன தயக்கம் என்கிறீர்களா? காசு கேட்கத் தெரியாது. அது ஒன்றுதான்.

சிரிக்காதீர்கள். பத்தொன்பது வருஷத்தில் ஒரு ஆளிடம்கூட, இந்த வேலைக்கு இவ்வளவு ஆகும் என்று அவள் சொன்னதில்லை. அதெல்லாம் ஆடிட்டர் பார்த்துக்கொண்டார். அவள் எல்லோரையும் அண்ணே, அக்கா, மாமா என்று கூப்பிட்டுப் பழகிவிட்டாள். அண்ணே என்று கூப்பிட்ட வாயால் அடுத்த வார்த்தையாக எண்ணூறு ரூபாய் என்று எப்படிச் சொல்வது? முத்தரசு இல்லாத நேரத்தில் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தாள். "ஐந்நூறு ரூபாய் ஆகும்" என்று தொடங்கினால், முடியும்போது "ஐந்நூறு ரூபாய் ஆகுமா?" என்று வந்தது. கண்ணாடியே பாவப்பட்டுத் தள்ளுபடி கேட்கும் போலிருந்தது.

அதே நேரத்தில் திருப்பூரிலிருந்து ஒரு போன் வந்தது. பனியன் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் வேலை, முப்பதாயிரம் சம்பளம், லேடீஸ் ஹாஸ்டல், பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஊருக்கு வரலாம். கம்பெனி மேனேஜர் ஒரு வாரத்தில் பதில் சொல்லச் சொன்னார். அன்றைக்கு ஆடி இரண்டு. ஆடியில் நல்ல பதில் சொல்வார்களா? அவள் தயங்காமல், "ஆடி கழியட்டும் சார். ஆவணி ஒண்ணாந்தேதி காலையில பத்து மணிக்கு நானே போன் போட்டுச் சொல்லிர்றேன்" என்றாள். அவரும் ஆடி பார்க்கிற உசிலம்பட்டிப் பக்கத்துக்காரராம். அதுவும் சரிதாம்மா என்று ஒப்புக்கொண்டார்.

ஆக, கையில் ஒரு மாதம் இருந்தது. திருப்பூர் போனால் சம்பளம் நிச்சயம். ஆனால் பிளஸ் டூ படிக்கும் மகள் தீக்ஷாவை விட்டுவிட்டுப் போக வேண்டும், வீட்டை விட வேண்டும். இங்கேயே இருந்தால் எல்லாம் கூட இருக்கும், வருமானம்தான் இருக்குமா என்று தெரியாது. கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. முத்தரசு இதில் தலையிடவே இல்லை. அவள் போகிறதென்றால் போகட்டும் என்று அன்றிலிருந்தே ரசம் வைக்கக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தான். முதல் நாள் ரசத்தைக் குடித்த தீக்ஷா, அம்மா போகவே கூடாது என்று கண்கலங்கச் சொன்னாள். பாசமா பயமா என்று யாரும் கேட்கவில்லை.

ஆடி ஐந்தாம் தேதி மலையம்மாள் வந்தாள். தேன்குழல், மணகோலம், சீப்புச்சீடை என்று பலகாரம் சுட்டு ஆர்டருக்கு அனுப்புகிறவள். கணவர் காலமாகி மூன்று வருஷம் ஆகிறது. அடுப்படியைப் பெரிதாக்க பாங்கில் லோன் கேட்டிருக்கிறாள். வருமான வரிக் கணக்கு தாக்கல் பண்ணிய தாள் இருந்தால் வாருங்கள் என்று சொல்லிவிட்டார்களாம். ரேணுகா சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை விரித்தாள். பாங்க் பாஸ்புக், எண்ணெய்க்கடைச் சீட்டு, பார்சல் ஆபீஸ் ரசீது எல்லாவற்றையும் பிரித்து, மூன்று நாளில் கணக்கை முடித்துத் தாளைக் கையில் கொடுத்தாள். மலையம்மாள் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "ஒனக்குச் செய்ய வேண்டியத அப்பறம் செய்யிறேன் தாயி" என்று கிளம்பிவிட்டாள்.

அடுத்து அப்துல் மாலிக் வந்தார். செக்காலை ரோட்டில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறவர். ஊருக்கு அவர் மாலிக் பாய், ரேணுகாவுக்கு அண்ணே. இரண்டு மாத ஜிஎஸ்டி கணக்கு நின்றுபோயிருந்தது. முடித்துக் கொடுத்ததும் சட்டைப்பையில் கையை விட்டார். பர்ஸ் பாதி வெளியே வந்துவிட்டது. பிறகு சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரைப் பார்த்தார். பர்ஸை உள்ளே தள்ளிவிட்டு, வெயில் ஜாஸ்தியாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே எழுந்து போய்விட்டார். இத்தனை பெரிய கடைக்காரருக்குக் கை வரவில்லையே என்று ரேணுகா லேப்டாப்பைப் பட்டென்று மூடினாள்.

ஆத்தங்குடியில் தரைக்கல் பட்டறை வைத்திருக்கும் சத்தியமூர்த்தி வந்தார். வரி ஆபீஸ் நோட்டீஸைப் பார்த்து இரண்டு நாள் தூங்கவில்லையாம். பதில் எழுதி அனுப்பிக் கொடுத்தாள். அவர் இரண்டு சீப்பு வாழைப்பழத்தை வைத்துவிட்டுப் போனார். அவர் சொல்லி இன்னும் நாலு பேர் வந்தார்கள். தேங்காய், கருவேப்பிலை, ஒரு பலாப்பழம், கல்லல் சந்தைக் கத்தரிக்காய் என்று வீடு நிறைந்தது. காப்பித்தூள் மட்டும் குறைந்தது. மாதம் கால் கிலோ ஆகிற வீட்டில் ஒரு கிலோ தீர்ந்துபோயிற்று. எவ்வளவு ஆகும் என்ற ஒரு கேள்வியை மட்டும் வந்தவர்களில் ஒருத்தர்கூடக் கேட்கவில்லை.

"அழுத பிள்ளதான் பால் குடிக்கும். நீ வாயத் தொறந்து கேளேன்" என்றான் முத்தரசு. அவனுக்கென்ன, வண்டியைக் கழற்றுவதற்கு முன்பே கூலியைச் சொல்லிவிடுகிறவன். ரேணுகாவுக்கு அன்று அழுகையே வந்துவிட்டது. கேட்கத் தெரியாதவளிடம் ஊரே சும்மா வேலை வாங்கிக்கொண்டு போகிறது என்றாள். அண்ணன் அக்காவெல்லாம் வாயோடு சரி என்றாள். சொல்லிவிட்டு அடுத்த நாளும் இரண்டு பேருக்குக் கணக்கு முடித்துக் கொடுத்தாள். வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. அதுதான் அவள் வருத்தத்தை இன்னும் கூட்டியது. காலையில் பூஜையை முடித்துவிட்டு அந்த மேஜையில் உட்கார்ந்தால், மதியம் தீக்ஷா பள்ளிக்கூடத்தில் சாப்பிட்டிருப்பாளா என்ற நினைப்பு வரும்வரை எழுந்திருக்கவே தோன்றாது. இந்த மாதிரி ஒரு மாதம் அவள் வாழ்க்கையில் வந்ததில்லை.

ஆடி கடைசி நாள் இரவு சாப்பாட்டின்போது முடிவைச் சொல்லிவிட்டாள். திருப்பூர்தான். முத்தரசு ரசத்தை இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டான். இப்போது அது குடிக்கிற மாதிரி ஆகியிருந்தது.

ஆவணி பிறந்தது. காலை ஏழரை மணி இருக்கும். ரேணுகா கோலம் போட்டுவிட்டு உள்ளே வந்து, பீரோவின் மேலிருந்த பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வாசலில் மாலிக் பாய் குரல் கொடுத்தார். சலவைச் சட்டை, கையில் ஒரு தட்டு. தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், ஒரு கவர்.

பெட்டியைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. எந்த ஊருக்கு என்று கேட்டார். முத்தரசு விஷயத்தைச் சொன்னான், கூடவே ஒருத்தரும் காசு கொடுக்கவில்லை என்று அவள் மனசில் கிடந்ததையும் சேர்த்துச் சொல்லிவிட்டான். ரேணுகாவுக்குத் தரையில் புதைந்துவிடலாம் போலிருந்தது. மாலிக் பாய் தட்டை மேஜையில் வைத்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அட என்ன தங்கச்சி நீ. புதுத் தொழிலுக்கு ஆடியில மொதக் காசு குடுத்தா வெளங்காதும்பீகளே, அதான் ஒருத்தரும் குடுக்கல. எனக்கு அதெல்லாம் கெடையாது. ஒனக்கு உண்டுல்ல? நாளைக்கு எதும் ஒண்ணுன்னா, அந்த பாய் ஆடியில நீட்டுனாரு, அதான் இப்புடி ஆச்சுன்னு இந்த ஊரு பேசும். பர்ஸ எடுத்துட்டேன், காலண்டரப் பாத்துட்டு உள்ள வச்சேன்."

எல்லோருமே ஆவணிக்காகத்தான் காத்திருக்கிறார்கள் என்றார். சத்தியமூர்த்தி முதல் பஸ்ஸில் கிளம்பிவிட்டதாகப் போன் பண்ணினாராம். அவர்கள் கணக்கில் ரேணுகா கடை போட்டு ஒரு மாதம் ஆகிறது. திறப்புவிழாதான் பாக்கி.

பாருங்கள் கூத்தை. இவளே ஆடியில் சரி சொல்லமாட்டேன் என்று திருப்பூர்க்காரரை ஒரு மாதம் நிறுத்தி வைத்தவள். அதே ஊரில் பிறந்து வளர்ந்த மற்றவர்களும் அதற்காகத்தான் நிற்கிறார்கள் என்று ஒரு நாளாவது தோன்றியதா? அவர்களைக் கஞ்சர்கள் என்று நினைத்த நினைப்பு அவள் நெஞ்சைச் சுட்டது. கூடவே சிரிப்பும் வந்தது. இரண்டும் சேர்ந்து வந்ததில் கண் நிறைந்துபோயிற்று.

மாலிக் பாய் கவரைக் கையில் எடுத்துக்கொண்டு, எவ்வளவு என்று சொல் தங்கச்சி, குறைந்தால் போட்டுத் தருகிறேன் என்றார். ஒரு மாதமாக யாரும் கேட்காத கேள்வி கடைசியில் வந்தேவிட்டது. ரேணுகா முத்தரசைப் பார்த்தாள். அவன் விட்டத்தைப் பார்த்தான். வார்த்தை நாக்கு வரைக்கும் வந்தது, அதற்கு மேல் வரவில்லை. தடுமாறியபடி வாசல் பக்கம் திரும்பினாள்.

வெளிக்கதவுக்கு அந்தப் பக்கம், பக்கத்து வீட்டுச் சுவரை ஒட்டி மலையம்மாள் நின்றுகொண்டிருந்தாள். இடுப்பில் சுருக்குப்பை. உள்ளே வருகிற உத்தேசம் இருப்பதாகத் தெரியவில்லை.

"எனக்கு முன்னாடியே வந்து நிக்கிது. நீங்க போயிக் குடுங்க, நான் பொறவு வாரேன்னுச்சு" என்றார் மாலிக் பாய், குரலைத் தாழ்த்தி.

ஏன் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. புருஷன் இல்லாதவள் நல்ல காரியத்தில் முதல் கை நீட்டக்கூடாதாம். மூன்று வருஷமாக ஊர்க் கல்யாணத்துக்கெல்லாம் பலகாரம் சுடுகிற கை அது. அவள் சுட்டது ஆகும், அவள் கை ஆகாது. இந்தச் சாத்திரத்தை உண்டாக்கினவன் மட்டும் எதிரே வந்தால் நாலு கேள்வி கேட்கலாம். ரேணுகாவுக்குக் கோபம் வந்தது. ஆடியை நம்புகிறவள் இதை மட்டும் நம்பமாட்டாளா என்று நீங்கள் மடக்கலாம். மடக்கிக்கொள்ளுங்கள். அவள் செருப்புகூடப் போடாமல் விறுவிறுவென்று வாசலைத் தாண்டிப் போனாள்.

"உள்ள வாங்கக்கா."

"அவுக குடுக்கட்டும் தாயி. நல்லா வரவேண்டிய தொழிலு. என் கை மொதல்ல வேணாம்."

"ஆயிரத்தஞ்சூறு ஆகுதுக்கா" என்றாள் ரேணுகா. தெருவுக்கே கேட்கிற மாதிரி, ஒரு இழுப்பும் இல்லாமல். "ஒங்க வேலதான் மொதல்ல முடிச்சேன். ஒங்க கையாலதான் மொதல்ல வேணும். நீங்க குடுக்காம நான் யாருட்டயும் வாங்கப்போறதில்ல."

எதிர் வீட்டு ஜன்னலில் ஒரு தலை தெரிந்தது. மலையம்மாள் அந்த ஜன்னலைப் பார்த்தாள், ரேணுகாவைப் பார்த்தாள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஆயிரம் இருக்கும்னுல்ல நெனச்சு வந்தேன்" என்றாள்.

"ஆயிரத்தஞ்சூறுதாங்க்கா."

"தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறதான். சரி, பிடி."

சுருக்குப்பையை அவிழ்த்தாள். மூன்று ஐந்நூறு ரூபாய்த் தாளைக் கிழக்கே பார்த்து நின்று கொடுத்தாள். ரேணுகா இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அந்தக் கையை விடாமல் பிடித்து உள்ளே கூட்டிவந்தாள். மாலிக் பாய் கவரோடு எழுந்து நின்றார். அவருக்கு ஆயிரத்து இருநூறு என்றாள். இந்தத் தடவை யாரையும் பார்க்கவில்லை.

பத்து மணிக்குச் சொன்னபடி திருப்பூருக்குப் போன் போட்டாள். மன்னிக்க வேண்டும் சார், நான் இங்கேயே சொந்தமாக ஆபீஸ் திறந்துவிட்டேன் என்றாள். எப்போது என்று கேட்டார் மேனேஜர்.

"இன்னைக்குக் காலையிலதான் சார். எங்க மலையம்மாக்கா கையால."

மேனேஜருக்கு மலையம்மாள் யாரென்று தெரியாது. நல்லா இருங்கம்மா என்று சொல்லி வைத்துவிட்டார். அடுப்படியில் எல்லோருக்கும் காப்பி ஆற்றிக்கொண்டிருந்த மலையம்மாளுக்கு அது கேட்டுவிட்டது. ஆற்றுவதை நிறுத்தி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு வெளியே எட்டிப் பார்த்து, பாய்க்குச் சீனி போடலாமா வேண்டாமா என்று கேட்டாள்.