பெடலுக்கு மெத்தை

தையல்காரிக்கு ஓட்டுநர் உரிமம் கிடைத்தபோது அவளைவிட அதிகமாகக் குதித்தவர் அவள் கணவர்தான். அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. தெரியாதவர்களுக்கே உரிய தைரியத்தோடு, "நம்ம வீட்டுக்கு டிரைவர் வந்தாச்சு" என்று மாடிப்படியில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொல்லி வைத்துவிட்டார். இனி அவள் ஓட்டியே ஆக வேண்டும்.

ஓட்டத்தான் வேண்டியிருந்தது. ஊரின் விளிம்பில் சீருடை தைக்கிற பட்டறை ஒன்றில் துணி வெட்டும் பிரிவுக்கு அவளைத் தலைமையாகக் கூப்பிட்டிருந்தார்கள். இத்தனை வருடம் அடுத்தவர் பேன்ட்டின் இடுப்பைப் பெரிதாக்கியே காலம் தள்ளியவளுக்கு அது பெரிய விஷயம். ஆனால் அந்தப் பக்கம் பஸ் போகாது. "திங்கட்கிழமை வருவீங்களா மாட்டீங்களான்னு சனிக்கிழமைக்குள்ள சொல்லிடுங்க" என்றிருந்தார்கள். அதற்காகவே பழைய சின்னக் கார் ஒன்றை வாங்கினார்கள்.

முதல் நாள் தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்து இறங்கியவள், காப்பியில் சர்க்கரை கொஞ்சம் கம்மி என்கிற மாதிரி ஒரு வார்த்தை சொன்னாள்: "நல்லாத்தான் ஓடுது. கிளட்ச் மட்டும் கல்லு மாதிரி இருக்குங்க. கால் வலிக்குது."

அதைச் சொல்லியிருக்கக் கூடாத ஆளிடம் சொல்லிவிட்டாள்.

கணவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். உலகத்துத் துன்பங்களுக்கெல்லாம் காரணம், உடம்பு படுகிற இடத்தில் மெத்தென்று ஒன்று இல்லாததுதான் என்பது அவர் கட்சி. கண்ணாடி மூக்கில் உட்காருகிற இடத்தில் மெத்து வைத்து வைத்து, வீட்டிலும் நாற்காலிக் கால், கதவு இடுக்கு, வாணலிப் பிடி என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. மறுநாள் சாயங்காலம் காரின் மூன்று பெடலுக்கும் மெத்தை ஏறியிருந்தது. உள்ளே தடிமனான ஸ்பாஞ்சு, மேலே கண்ணாடிக்கூடு தைக்கிற கறுப்புத் தோல். தையல் அவளுடைய மிஷினில் அவரே போட்டது. அது குடித்துவிட்டு நடந்தவன் தடம் மாதிரி இருந்தது. விரலில் ஊசி வேறு ஏறியிருந்தது.

"மிதிச்சுப் பாரு."

மிதித்தாள். "பூ மாதிரி இருக்குங்க" என்றாள். நிஜமாகவே நெஞ்சு நெகிழ்ந்துதான் சொன்னாள்.

சனியன் அன்றைக்குப் பிடித்தது. பயிற்சி வண்டியில், கிளட்சை மெல்ல விடும்போது ஓரிடத்தில் பெடல் உள்ளங்காலில் லேசாக நடுங்கும். "அங்கதான் வண்டி உங்களோட பேசுது. அங்க நிறுத்தி ஆக்சிலேட்டர் குடுங்க" என்பார் பயிற்சிப் பள்ளி மாஸ்டர். இங்கே வண்டி வாயே திறக்கவில்லை. கிளட்சை விடுவாள், ஒன்றும் தெரியாது, இன்னும் விடுவாள், வண்டி ஒரு தூக்குத் தூக்கி அணைந்துவிடும். பிரேக் இன்னும் மோசம். மிதித்தால் முதலில் ஒன்றும் நடக்காது. கொஞ்சம் கூட்டினால் எல்லாம் சேர்ந்து நடக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கணவர் முன்னால் குனிந்து எழுவார்.

"யாருக்குங்க வணக்கம் வைக்கிறீங்க?"

"உன் மாஸ்டருக்குத்தான்."

இரண்டொரு நாள் இப்படிச் சிரித்தார்கள். பிறகு அவள் சிரிப்பு நின்றது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று, வண்டியைப் பற்றி அவள் ஒரு குறையும் சொல்லவில்லை. உரிமம் கொடுத்த அதிகாரி இளகிய மனசுக்காரர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். வாசலில் நிற்கும் காரை, கடன் கொடுத்தவன் வீட்டைத் தாண்டுகிற மாதிரித் தலை குனிந்து தாண்டினாள்.

"வர முடியாதுன்னு சொல்லிடறேங்க. எனக்கு ஊசிக்கு முன்னால உக்காரத்தான் விதிச்சிருக்கு."

"அட, வெள்ளிக்கிழமை ஒரே ஒரு தடவை ஓட்டிப் பாரேன். எனக்காக."

அந்த வெள்ளிக்கிழமை அதிசயம் நடந்தது. வண்டி வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரிக் கிளம்பியது. பள்ளிக்கூட மேட்டில் நிறுத்தி எடுத்தாள். ஒரு விரற்கடைகூடப் பின்னால் உருளவில்லை. இடது காலில் அந்தப் பழைய நடுக்கம் தெரிந்தது.

"பாத்தியா? பழகப் பழக வந்துடும்" என்றார் கணவர். வீட்டு வாசலில் இறங்கி, குடையைத் தேடி இருக்கைக்கு அடியில் கைவிட்டவர் கத்தினார். "ஐயையோ! கிளட்ச் மெத்தை கழண்டு கிடக்குது! வெறும் இரும்பையா இவ்வளவு தூரம் மிதிச்சே? கால் என்ன பாடு பட்டிருக்கும்!"

அவள் வாயைத் திறப்பதற்குள், கண்ணாடி ஃபிரேம் ஒட்டுகிற பசையைக் கொண்டுவந்து அழுத்தி ஒட்டிவிட்டார்.

சனிக்கிழமை காலை வண்டி வாசலைத் தாண்டுவதற்குள் தவளை மாதிரி மூன்று தாவல் தாவி நின்றது. ஆக, கூடம் உண்மையிலேயே கோணல்தான்.

இதை எப்படிச் சொல்வது என்பதுதான் இப்போது சங்கடம். ஆசையாய்த் தைத்துக் கொடுத்த சட்டையை 'சரியில்லை' என்று திருப்பிக் கொண்டுவந்து நீட்டும்போது தைத்தவளுக்கு எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் பட்டறையில் இன்றைக்குப் பதில் எதிர்பார்ப்பார்கள்.

"என்னங்க, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"இப்படி ஆரம்பிச்சாலே அது கோவிச்சுக்கற விஷயம்தான். சொல்லு."

"இந்த மெத்தையை எடுத்துடலாம்."

"நீதானே கல்லு மாதிரி இருக்குன்னே?"

"சொன்னேன். கல்லுதான் சரியா இருந்துச்சு. மிஷின்ல உக்காரும்போது செருப்பைக் கழட்டி வச்சுடறேன் இல்ல? கால்ல பட்டாத்தானே எவ்வளவு மிதிக்கணும்னு தெரியும்? இதுல நான் உங்க ஸ்பாஞ்சைத்தான் மிதிக்கிறேன். வண்டியை மிதிக்கவே இல்லங்க."

அவர் குனிந்து மெத்தையை விரலால் அமுக்கினார். அமுங்கியது. விட்டார். எழுந்தது.

"அப்ப நேத்து நீ நல்லா ஓட்டினது..."

"இது கழண்டதால."

"நான் வேற கெட்டிப் பசையைப் போட்டுத் தொலைச்சேனே!"

அவர் சிரிக்கவில்லை. கடைக்குப் போய்ச் சின்னத் திருப்புளியும் பிளேடும் எடுத்துவந்தார். தலையைப் பெடலுக்குக் கீழே நுழைத்து, காலைத் தெருவில் நீட்டிப் படுத்துச் சுரண்ட ஆரம்பித்தார். அந்த வழியாகப் போனவர் நின்றார்.

"என்ன சார், ரிப்பேரா?"

"ரிப்பேரையே ரிப்பேர் பண்ணிட்டிருக்கேன்" என்றது உள்ளிருந்து வந்த குரல். கொஞ்ச நேரம் கழித்து, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "மூக்குக்கும் இதே கதைதான். ரொம்ப மெத்துன்னு வச்சா கண்ணாடி வழுக்கிட்டு உதட்டுக்கு வந்துடும். ஊருக்கெல்லாம் சொல்வேன்" என்றார்.

"தையல் நல்லாத்தாங்க இருந்துச்சு."

"பொய் சொல்லாதே. வண்டியை எடு."

எடுத்தாள். போன் செய்து சொல்லவில்லை, பட்டறைக்கே ஓட்டினாள். வழியில் ஒரு மேட்டில் சிக்னல் விழுந்தது. பின்னால் ஒரு லாரி, கன்றுக்குட்டியை முகர்கிற மாடு மாதிரி ஒட்டி நின்றது. பச்சை விழுந்ததும் கிளட்சை மெல்ல விட்டாள். உள்ளங்காலில் நடுக்கம் வந்தது. அங்கே நிறுத்தினாள். வண்டி ஏறியது. பக்கத்தில் கணவர் யாரையோ கும்பிட்டார். இந்த முறை பிரேக்கால் அல்ல.

பட்டறை வாசலில் காவலாளி எட்டிப் பார்த்தார். "யாரும்மா வேணும்?"

"திங்கட்கிழமையிலேர்ந்து வேலைக்கு வர்றேன்னு சொல்லணும்."

"அதுக்கு ஒரு போன் போதுமே?"

"ஓட்டிட்டு வந்து சொன்னாத்தான் எனக்கே நம்பிக்கை வருது."

உள்ளே போய்ச் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தவள், இடது காலைத் தூக்கி வைத்துப் பாதத்தைத் தேய்த்துக்கொண்டாள். கணவர் அதையே பார்த்தார்.

"வலிக்குதா?"

"வலிக்குது."

அவர் முகத்தில் ஒரு யோசனை புறப்படுவதைப் பார்த்து அவளுக்குத் திக்கென்றது. அவருக்கும் அது தெரிந்துவிட்டது.

"வீட்டுக்குப் போனதும் வெந்நீர் வச்சுத் தர்றேன்" என்றார் அவசரமாக. "காலுக்கு. வண்டிக்கு இல்ல."