அறுத்தெறிந்த பச்சை வயர்

அவளுடைய அண்ணனை ஊரே 'அவசரம்' என்றுதான் கூப்பிடும். தச்சுவேலை. காபியைக் கொதிக்கக் கொதிக்க ஒரே மடக்கில் குடித்து நாக்கைப் பொசுக்கிக்கொண்டு, அப்புறம் காபியைத் திட்டுகிற ஆள். வீட்டின் முன்பாதியில் அவன் குடும்பம். பின்பாதியில் அவளும் பஸ் ஓட்டும் அவள் கணவனும். தோட்டத்து மூலையில் அவன் பட்டறை: செங்கல் மேல் மரச்சட்டம் போட்டு நிறுத்திய தகரக் கொட்டகை. உள்ளே மரம் அறுக்கும் மெஷின், கொட்டகையின் இரும்புத் தூணோடு சேர்த்து முடுக்கியிருந்தது.

கொஞ்ச நாளாக அந்த மெஷினின் ப்ளக்கைச் சொருகினாலே வீட்டில் ட்ரிப் சுவிட்ச் படாரென்று விழுந்தது. மொத்த வீடும் இருண்டது.

"எங்கேயோ கரண்ட் கசியுதுண்ணா. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் காட்டு."

"அவன் வந்து தாடையைச் சொறிஞ்சுக்கிட்டு நிப்பான். எனக்கு நாளைக்கு மேஜை குடுக்கணும். நீ போய் உன் தையலைப் பாரு."

அவனே சரிசெய்தான். கொட்டகைக்குப் போகும் லைனை ட்ரிப் சுவிட்ச்சுக்கு முன்னாலிருந்தே நேராக இழுத்தான். மெஷினிலிருந்து மண்ணுக்குப் போகும் பச்சை எர்த் வயர்தான் வம்பு செய்கிறது என்று அதையும் வெட்டி எறிந்தான். மெஷின் ஓடியது. வயர் நுழையும் இடத்தில் தோல் உரிந்து இரும்பில் பட்டுக்கொண்டிருந்தது அவன் கண்ணில் படவில்லை. ரப்பர் விரிப்பில் நின்று அறுத்த அவனுக்கு ஒரு சுருக்குக்கூட இல்லை.

மறுநாள் மதியம் மழை பெய்து ஓய்ந்தது. ப்ளக்கைப் பிடுங்காமலே அவசரம் பாலிஷ் வாங்கக் கடைக்குப் போயிருந்தான். வேலை முடிந்து வந்த அவள் கணவன், ஒழுகும் கூரையைப் பார்க்க ஏணி எடுக்கலாம் என்று வெறுங்காலோடு சேற்றில் நடந்து போய்க் கொட்டகைக் கதவைப் பிடித்தான்.

தையல் மெஷினில் இருந்தவளுக்கு ஒரு சத்தம் கேட்டது. மாடு உறுமுவது போல. ஜன்னல் வழியே பார்த்தாள். கதவைப் பிடித்தபடி அவன் உடம்பு முழுக்க வெடவெடவென்று உதறியது. பற்கள் நறநறத்தன. வாயோரம் ரத்தம்.

"என்னங்க!" ஓடிப்போய்த் தோளைத் தொட்டாள். யாரோ எட்டி உதைத்தது போல சேற்றில் போய் விழுந்தாள்.

"அண்ணி! மெயினை அணைங்க! அண்ணி!"

முன்வீட்டிலிருந்து பதில் இல்லை. அவன் முகம் நீலம் பாரித்தது. நனையாமலிருக்க அண்ணன் பின்வாசலுக்குள் சாத்தி வைத்திருந்த மர மேஜைக்கால் ஒன்றை எடுத்தாள். இரண்டு கையாலும் ஓங்கி அவன் மணிக்கட்டில் அடித்தாள். விடவில்லை. மறுபடி அடித்தாள். எலும்பு முறிந்தது காதில் கேட்டது. அப்போதும் விரல்கள் தகரத்தை விடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, அலறிக்கொண்டே அடித்தாள். கை தகரத்திலிருந்து பிய்ந்து வந்தது. உள்ளங்கைத் தோல் கதவிலேயே ஒட்டிக்கொண்டது.

மூச்சில்லை. மேலே ஏறி உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கையையும் அவன் நெஞ்சில் வைத்து அழுத்தினாள். "எந்திரி! எந்திரிடா பாவி!" கல்யாணமாகி முதல்முறையாக அவனை டா போட்டாள். விலா எலும்பு ஒன்று உடைந்தது. அதற்கப்புறம்தான் அவன் இருமினான்.

அந்த நேரம் பாலிஷ் டப்பாவோடு அவசரம் உள்ளே நுழைந்தான்.

"ஐயோ, மாப்ளைக்கு என்ன ஆச்சு?"

"கொட்டகையில என்ன பண்ணி வச்ச?"

"ட்ரிப் ஆகிட்டே இருந்துச்சு... அந்த எர்த் வயரைத்தான்..."

அவன் முடிக்கவில்லை. மேஜைக்கால் வாயில் விழுந்தது. அடுத்த அடி தோளில். அவன் மடங்கி விழுந்தான். தலையைக் குறிபார்த்து ஓங்கியபோது, மெயினை அணைத்துவிட்டு ஓடி வந்த அண்ணி பின்னாலிருந்து அவளை இடுப்போடு கட்டிப் பிடித்தாள். அவள் அண்ணியின் கையைக் கடித்தாள். அண்ணி விடவில்லை.

ஆஸ்பத்திரியில் போலீஸ்காரர் வந்தார். கட்டுப் போட்டுக் கிடந்த கணவனைக் காட்டி, "இவர் கையை உடைச்சது யாரு?" என்றார்.

"நான்தான்."

"விலா எலும்பு?"

"அதுவும் நான்தான்."

பக்கத்துக் கட்டிலில் முன்பல் போன அண்ணனைப் பார்த்தார். "இவரையுமா?" அவள் தலையாட்டினாள். அவர் ஓரடி பின்னால் நகர்ந்துகொண்டார்.

"அவ மேல எதுவும் எழுதாதீங்க சார்," வீங்கிய வாயால் குழறினான் அவசரம். "மாப்ளையைக் கொல்லப் பாத்தது நான். அவ உயிரைக் காப்பாத்தினா."

கட்டுப் பிரித்துக் கணவன் வீடு திரும்பிய காலையில், கொட்டகையருகே எலக்ட்ரீஷியன் மண்ணில் புதைக்கும் எர்த் கம்பியோடு நின்றிருந்தார். கணவன் நேராக மச்சானிடம் போய் உடைந்து கூடிய வலது கையால் அறைய வீசினான். அறை விழவே இல்லை. விரல்கள் துவண்டு தொங்கின. அந்தக் கையையே பார்த்தபடி நின்றான். ஸ்டியரிங் பிடிக்கும் கை. இனி பிடிக்காது என்று அப்போதுதான் அவனுக்கே தெரிந்தது போல முகம் கோணியது.

"இடது கையால அடி மாப்ளே," என்றான் அவசரம்.

அடித்தான். உதடு கிழிந்து ரத்தம் சட்டையில் சொட்டியது. அவசரம் துடைக்காமல் சம்மட்டியை எடுத்தான். எலக்ட்ரீஷியன் பிடித்துக்கொள்ள, கம்பியை மண்ணில் அடித்து இறக்கினான். குணமாகாத தோள் ஒவ்வொரு அடிக்கும் அவனை முனக வைத்தது.

"போதுமாம்மா?" என்று எலக்ட்ரீஷியன் அவளைப் பார்த்தார்.

"இன்னும் இறங்கட்டும்," என்றாள் அவள்.